கரண்ட், தண்ணீர் சேர்த்த வாடகையும் ஏறும் பில்லும்

சென்னையில் ஒரே மின் இணைப்பை வைத்துக்கொண்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். பிள்ளைகளுக்காகக் கட்டிய மாடி, அவர்கள் வெளியூர் போனதும் வாடகைக்குப் போகிறது. தனி மீட்டருக்கு எழுதிக் கொடுத்து அலைவதற்குச் சோம்பல்பட்டு, "கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று பேசி முடித்துவிடுகிறோம். மார்கழி, தை மாதங்களில் இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையிருக்காது. சித்திரை பிறந்து மொட்டை மாடித் தளம் கொதிக்கத் தொடங்கி, அதன் கீழே இருக்கும் குடும்பம் இரவெல்லாம் ஏசியை ஓட்டிய பிறகு வரும் பில்தான் சச்சரவைக் கொண்டு வருகிறது. நங்கநல்லூரில் எங்கள் வீடும் இந்த வகைதான் என்பதால், வீட்டுக்காரர் தரப்பிலிருந்தே இதை எழுதுகிறேன்.

பில்லைப் பார்த்ததும் குடியிருப்பவரின் பழக்கவழக்கத்தைக் குறை சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஏசி எத்தனை மணிக்கு நின்றது, யார் எத்தனை முறை குளித்தார்கள், ஊரிலிருந்து வந்த மாமியார் எத்தனை நாள் தங்கினார் என்பதெல்லாம் வீட்டுக்காரர் கேட்கக்கூடாத கேள்விகள். எல்லாம் சேர்த்து வாடகை என்று பேசியவர்கள் நாம். அளவு எதுவும் சொல்லாமல் கொடுத்துவிட்டு, அளவு மீறிவிட்டதாகக் கோபப்படுவதில் நியாயமில்லை. பேச வேண்டியது யூனிட்டைப் பற்றி மட்டுமே.

அந்த யூனிட்டின் விலை பலரும் நினைப்பதுபோல் சீராக ஏறுவதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் விலை இன்னும் சற்று ஏறினாலும் அமைப்பு மாறவில்லை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், பிறகு 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது; 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய். 501-லிருந்து 600 வரை 8, அதற்கு மேல் 800 வரை 9, 1000 வரை 10, அதற்கும் மேலே 11 ரூபாய். சரியாக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் என்றால், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்!

இப்போது கீழ்வீடு 380 யூனிட், மாடி 300 யூனிட் எரிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இணைப்பில் 680 யூனிட். பில் 3,470 ரூபாய். இதே இரண்டு வீடுகளுக்கும் தனித்தனி இணைப்பு இருந்திருந்தால் கீழ்வீட்டுக்கு 1,035, மாடிக்கு 675, ஆக 1,710 ரூபாய்தான். மீதி 1,760 ரூபாய் எந்த ஏசியும் இழுத்த மின்சாரத்தின் விலையன்று. இரண்டு அடுப்புகள் எரியும் வீட்டை ஒரே வீடாகக் காட்டி, ஒரு 100 யூனிட் இலவசத்தையும் மலிவான அடுக்குகளையும் கைவிட்டதன் விலை. இதைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது முறையாகாது என்பது என் கருத்து. தனி வாசலும் தனிச் சமையலறையும் உள்ள மாடியாக இருந்தால், ஒருமுறை செலவழித்துத் தனி இணைப்பு வாங்கிவிடுவதே சரியான தீர்வு. அதன் பிறகு மாடியின் பில் மாடிக்கே போய்விடும், வாடகையையும் அதற்கேற்பக் குறைத்துப் பேசிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும் மாடியில் எரியும் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் சப் மீட்டர் வைத்தாக வேண்டும். சப் மீட்டர் வைத்தவர்களில் பலர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று மனம்போல ஒரு விலை சொல்வதுதான் ஊர் வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன கணக்கில் மாடிக்காரர் 300 யூனிட்டுக்கு 3,000 ரூபாய் கொடுத்தால், கீழே 380 யூனிட் எரித்த வீட்டுக்காரர் கைப்பணம் 470 ரூபாய்தான் போடுகிறார். இதைச் செய்துவிட்டு, வாடகைக்கு வந்தவர்கள் கரண்டை வீணடிக்கிறார்கள் என்று கோயில் வாசலில் புலம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த பில்லின் சராசரி விலை, அதாவது 3,470-ஐ 680-ஆல் வகுத்தால் வரும் ஏறத்தாழ 5.10 ரூபாய், இருவருக்கும் பொறுக்கக்கூடியது. இரண்டு மாதத்திற்கு 200 யூனிட் வாடகையில் அடக்கம், அதற்கு மேற்பட்டவை சராசரி விலையில் என்று எழுதிக்கொண்டால், 300 யூனிட் எரித்த மாடி 510 ரூபாய் கூடுதலாகத் தரும், தகராறுக்கு இடமில்லை. பில்லின் நகலையும் சப் மீட்டரின் புகைப்படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும்.

அடக்க அளவை நிர்ணயிக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டை நெருங்கிவிடும். அந்த ஏசியை மாட்டிக் கொடுத்தவர் வீட்டுக்காரராக இருந்தால், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியாக மாற்றிக் கொடுப்பது அவருக்கே லாபம். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் எரியும் நேரம் கொஞ்சம்தான். அண்மையில் சேர்ந்தது மின் ஸ்கூட்டர்; ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற மூன்று நான்கு யூனிட் ஆகும் என்பதால், வண்டி இருக்கிறதா என்று வீடு கொடுக்கும்போதே கேட்டுவிடலாம்.

குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை உண்டு. மாடியில் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொல்லிவிட்டு சப் மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். அப்போதும் அது விட்டுவிட்டு மின்னினால், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது வேறு ஏதோ ஒன்று அந்த மீட்டரில் மாட்டியிருக்கிறது. அடுத்து சம்ப் மோட்டாரைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாடிப்படி விளக்கும் மோட்டாரும் மாடியின் வயரிங்கில் சேர்ந்திருப்பது பழைய வீடுகளில் சாதாரணம். இரு வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் யூனிட்டை மாடிக்காரர் மட்டும் சுமக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் மீட்டர் வைப்பது அபூர்வம் என்பதால் சந்தேகம்தான் அதிகம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு அரசு வகுத்திருக்கும் அளவு. நால்வர் குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரி ஒன்றும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குமாக ஒரு குடும்பத்துக்கே வேண்டியிருக்கும்போது, கோடையில் லாரி அடிக்கடி வருவதற்கு மாடிக்காரரின் வாஷிங் மெஷின்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் பொடியைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள்; கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் வால்வு போய்விட்டது, அதை மாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, போர் வற்றும் மாதங்களின் லாரிச் செலவை ஆள் எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

எந்த நிபந்தனையையும் ஒப்பந்த காலத்தின் நடுவில் ஒருதலையாகப் புகுத்த முடியாது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். பில் கூடியது என்பதற்காக ஃபியூசைப் பிடுங்குவதையும் வால்வை மூடுவதையும் அதே சட்டம் தடை செய்கிறது. குடியிருப்பவர் புகார் கொடுத்தால் வீட்டுக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். நடுவில் பில் எகிறினால், கணக்கைக் காட்டி அவர் சம்மதத்துடன் மாற்றி எழுதிக்கொள்ளலாம். சம்மதிக்காவிட்டால் ஒப்பந்தம் முடியும்வரை அந்தச் செலவு நம்முடையது.

காலி செய்யும் நாளிலும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வருவதால், சாவி வாங்கும் அன்றே இருவருமாக நின்று சப் மீட்டரைக் குறித்துக்கொண்டு, அடக்க அளவை நாள் கணக்கில் வகுத்து, கடைசி பில்லின் சராசரி விலையில் கணக்கை முடித்து, மீதி அட்வான்ஸை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.