பூச்சிமருந்துப் பெட்டியின் சாவி

என் அக்காவின் கணவர் குடிநோய்க்கு ஒரு மாதம் சிகிச்சை பெற்று, அணைக்கட்டுப் பக்கமுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியபோது, கண்டம் தாண்டிவிட்டது என்றே நாங்கள் அனைவரும் நம்பினோம். மூன்றாவது வாரத்தில், நிலக்கடலை விற்ற பணத்தைப் பற்றி எழுந்த ஒரு சிறு வாய்த்தகராறின் நடுவே, மாமா சட்டென்று எழுந்து மோட்டார் கொட்டகையை நோக்கி நடந்தார். அங்கே பரண்மேல் பூச்சிமருந்து இருப்பதை அறிந்த அக்கா ஓடிச்சென்று அவர் கையைப் பற்றிக்கொண்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல மச்சான்" என்றார். அன்று அவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.

அதைத்தான் நான் வெகுநாள் யோசித்தேன். போதை தடுப்புணர்வைத் தளர்த்தும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல ஆண்டுக் குடி, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே நின்று யோசிக்க வைக்கும் முன்மூளையையே பாதிக்கிறது என்பதும், குடியை விட்ட பின்னும் அது தேற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. மனநல மருத்துவர்கள் இந்த அவசரத் தன்மையை அளக்க 30 கூற்றுகள் கொண்ட பாரட் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கவனம் நிலைக்காமை, யோசிக்காமல் செயலில் இறங்குதல், முன்திட்டமின்மை என மூன்றையும் அது தனித்தனியே பார்க்கிறது. மாமாவிடம் நான் கண்டது இரண்டாவது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில், உயிர் போகும் அளவுக்குத் தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளவயதினரிடம் கேட்டறிந்து 2001-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முடிவெடுத்து 5 நிமிடங்களுக்குள் செயலில் இறங்கியதாகக் கூறியிருந்தார்கள். எங்கள் வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில், ஒவ்வொரு சாவையும் வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுத்தபோது, 1994 முதல் 1999 வரை ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 95 தற்கொலைகள் தெரியவந்தன. அரசுக் கணக்கில் நாட்டின் விகிதம் அப்போது 10, 11 என்ற அளவில்தான் இருந்தது. நிலமுள்ள வீடுகளில் எல்லாம் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர்கள் இவை.

ஆகவே, சிகிச்சை முடிந்து வருபவர் மறுபடி குடிக்கிறாரா என்று வாயை முகர்ந்து பார்ப்பதோடு குடும்பத்தார் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. நள்ளிரவானாலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் மறுபரிசோதனைக்குப் போகும்போது இப்படிப்பட்ட கோபத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் முதல் தடவை வெட்கப்பட்டு மறைத்தோம், அது தவறு.

இப்போது மருந்து டப்பாக்கள் ஒரு மரப்பெட்டியில் பூட்டியிருக்கின்றன. சாவி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறது. மாமாதான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மருந்தடிக்கும் நாளில் அவர் போய்க் கேட்டால், எந்தக் கழனிக்கு, எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் விசாரித்து, ஒரு டம்ளர் மோரும் கொடுத்த பிறகே பெரியம்மா சாவியை எடுக்கிறார்.