குட்டம் தேரி மண்ணும் பச்சை லேசரும்

திருநெல்வேலி மாவட்டத்துக் குட்டம் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், அள்ளி வந்த மண்ணில் சிவப்பு மணிகளுக்கு நடுவே மஞ்சள் பூச்சுள்ள மணிகளும் கிடந்தன. இரண்டும் இரும்புக் கனிமங்கள்: சிவப்பு என்றால் ஹெமடைட், மஞ்சள் என்றால் நீர் சேர்ந்த கோத்தைட். மணியில் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் முகடுகளை (பீக்) வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது ராமன் நிறமாலை. அதில் ஹெமடைட்டுக்கு 225, 292 பக்கம் (அலகு செ.மீ⁻¹) பீக் வரும். கோத்தைட்டுக்கு 385 பக்கம் பெரிதாக வரும். பிரித்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். ஆனால் காலையில் நான் கோத்தைட் என்று குறித்த மணி, மாலையில் ஜூனியர் பார்த்தபோது ஹெமடைட் என்று வந்தது.

எல்லாரும் முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டோம். "லேசர் நிலைக்கு வராம சிலிக்கான வைக்காதீய தம்பி" என்பார் லேப் அண்ணாச்சி. அவர் சொன்னபடி லேசரை அரைமணி நேரம் ஓடவிட்டு, வேலைக்கு முன்னும் பின்னும், அளவைச் சரிபார்க்க வைக்கும் சிலிக்கான் துண்டின் பீக் 520.5-ல் நிற்கிறதா என்று பார்த்தேன். கரண்ட் போய் ஏசி நின்ற நாளில் பீக் லேசாக நகர்ந்தது. நம்மூர் சித்திரை வெயிலுக்கு அது பெரிய அதிசயமில்லை. தேரி மணியின் உள்ளே இருப்பது குவார்ட்ஸ். அதன் 464 பீக்கே எனக்குச் சாட்சியாக உதவியது. அது அசையவில்லை. பிறகு ஏன் இந்தக் குளறுபடி?

மணிதான் மாறிக்கொண்டிருந்தது. 532 நானோமீட்டர் பச்சை ஒளியை இரும்பு ஆக்சைடு நன்றாக உறிஞ்சும். 50 மடங்கு லென்ஸ் அந்த ஒளியை ஓரிரு மைக்ரானில் குவிக்கும்போது அந்த இடம் அடுப்புக்கல்லாகிவிடும். கோத்தைட் நீரை இழந்து ஹெமடைட்டாகிவிடும். இதை உறுதிசெய்ய ஒரே புள்ளியில் லேசர் திறனைப் படிப்படியாக ஏற்றி, மறுபடி இறக்கிப் பார்த்தேன். சூட்டால் வெறுமனே நகர்ந்த பீக் என்றால் இறக்கியதும் பழைய இடத்துக்கு வரும். கோத்தைட்டின் 385 பீக் திரும்ப வரவேயில்லை.

அதன்பின் திறனை அரை மில்லிவாட்டுக்குக் கீழே வைத்தேன். சிக்னல் சோகையாக இருக்கும், வேறு வழியில்லை. ஒரே நீண்ட பதிவாக எடுக்காமல் சிறு பதிவுகளாகப் பல எடுத்து ஒப்பிட்டால், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஏதோ ஒரு பதிவில் மட்டும் போடும் ஊசி பீக்குகளைக் கழித்துவிட்டுச் சராசரி பார்க்கலாம். ராமன் சிக்னலை மூடிவிடும் பின்னணி ஒளிர்வைக் குறைக்கக் கொஞ்ச நேரம் லேசரிலேயே வேகவிடு என்று சிலர் சொல்வார்கள். இந்த மண்ணுக்கு அந்த வைத்தியம் ஆகாது. மணியைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தாலே அழுக்கின் ஒளிர்வு ஓரளவு தணிந்தது.

ஒரு புள்ளியை வைத்து மணியையும், ஒரு மணியை வைத்துத் தேரியையும் பேசக்கூடாது என்பதால் இப்போது மணிக்குப் பல புள்ளிகள் எடுக்கிறேன். கடற்கரை மணலில் உள்ள, அருமண் தனிமங்கள் கொண்ட மோனசைட் கனிமத்துக்கு இதெல்லாம் போதாது. அந்தத் தனிமங்களின் ஒளிர்வுப் பட்டைகள் ராமன் பீக் மாதிரியே நிற்கும். வேறு நிற லேசரில் எடுத்து ஒப்பிட்டால்தான் எது எதுவென்று தெரியும். 785 நானோமீட்டர் லேசர் உள்ள கருவிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.