ஐப்பசியில் விழுந்த ஸ்னோ

இந்த நாட்டுக்கு வந்து இறங்கியது கோடையில். வாடகை வீட்டுக்குப் பின்னால் கையகலத் தோட்டம். வேலியோரம் ஒரு லைலாக் மரம், அப்புறம் நான் ஆசையாய் வைத்த ஏழு தக்காளிச் செடிகள். ஸ்னோ டிசம்பரில்தான் வரும் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அக்டோபர் மூன்றாம் வாரமே வந்துவிட்டது.

மழை என்றால் கூரையில் தட்டித் தூக்கத்தைக் கலைக்கும். இது சத்தமே போடாது. விடியற்காலையில் 'மடார்' என்று கேட்டதும் திருடனோ என்று எழுந்து ஓடினேன். லைலாக் கிளை ஒன்று நார் நாராகப் பிளந்து தொங்கியது. இலை கொட்டிய மரத்தில் ஸ்னோ பெரும்பாலும் நழுவிக் கீழே போய்விடும். இலை பச்சையாக இருக்கும்போது விழுந்தால் ஒவ்வொரு இலையும் ஒரு தட்டு மாதிரி ஏந்திக்கொள்கிறது. அதிலும் பூஜ்யம் டிகிரியை ஒட்டி விழும் ஸ்னோ ஈரத்தோடு கனக்கும், ஒட்டும். கடுங்குளிரில் விழுவதுதான் மாவு மாதிரி ஊதினால் பறக்கும்.

நான் மரத்தைப் பிடித்து உலுக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உலுக்காதே, உலுக்காதே!" என்று கத்திக்கொண்டே துடைப்பத்தோடு வந்துவிட்டார். கிளைக்கு அடியில் துடைப்பத்தைக் கொடுத்து மெதுவாக மேல்நோக்கித் தட்ட வேண்டுமாம். மேலிருந்து அடித்தால் இருக்கிற பாரத்தோடு நம் அடியும் சேர்ந்து முறிந்துவிடும். கிளையில் ஐஸ் பிடித்திருந்தால் தொடவே கூடாது.

தக்காளிச் செடிகள் மதியத்துக்குள் வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டன. முதல் நாள் மாலை ஏதோ தோன்றி, வெளிறத் தொடங்கியிருந்த காய்களைப் பறித்து வைத்திருந்தேன். ஒரு ஆப்பிளோடு காகிதப் பையில் போட்டுச் சுருட்டி வைத்ததில், பாதிக்கு மேல் பழுத்தன. ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவின் வேலை அது.

தோட்டக் குழாயை மட்டும் மறந்தே போனேன். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஹோஸைக் கழற்றாமல், உள்ளே வால்வை மூடாமல் விட்டதில் சுவருக்குள் பைப் வெடித்திருக்கிறது. அது தெரிந்ததோ ஏப்ரலில், குழாயைத் திறந்து சமையலறைச் சுவர் நனைந்த பிறகு.

இத்தனைக்கும் பிறகு ஸ்னோவை வில்லனாகப் பார்த்ததில் என் தப்பு என்ன? நமக்குப் பனி என்றால் ஒரே சொல். புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழி மூட்டமும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. தரையை வெள்ளையாகப் பொரிய வைக்கும் உறைபனி வேறு, ஸ்னோ வேறு என்று எனக்கு உறைத்தது அடுத்த வருஷம்தான்.

அந்த வருஷம் பூண்டு போட்டிருந்தேன். இலையுதிர் காலத்தில் நட்டால் அடுத்த கோடையில் எடுக்கலாம். ஸ்னோ பேருக்குத்தான் விழுந்தது. "இந்த வருஷம் தப்பித்தோம்" என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். ஜனவரியில் திடீரென்று நான்கு நாள் வெயில், மண் இளகியது. ஐந்தாம் நாள் மறுபடி இறுகியது. இப்படி மூன்று முறை. போய்ப் பார்த்தால் பூண்டுப் பற்கள் வேரோடு மண்ணுக்கு மேலே வந்து கிடக்கின்றன, யாரோ விரலால் நெம்பிவிட்ட மாதிரி. மண்ணுக்குள் ஈரம் உறையும்போது கீழிருந்து இன்னும் தண்ணீரை இழுத்து ஐஸ் படலமாகத் தடிக்கிறது. அது மேலே தூக்க, கூடவே பல்லும் ஏறிவிடுகிறது. வைக்கோல் மூடாக்குப் போடச் சொன்னது செடிக்குக் கதகதப்புக் கொடுக்க என்று நினைத்திருந்தேன். இல்லை, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருக்கத்தான்.

ஸ்னோவும் அதே வேலையைச் செய்கிறது. அதில் பெரும்பகுதி அடைபட்ட காற்று, கம்பளி மாதிரி. போன பிப்ரவரியில் ஒரு தெர்மாமீட்டரை ஸ்னோவுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். வெளியே மைனஸ் 17, மண்மேல் மைனஸ் 1. நம்பாமல் மறுபடி செருகினேன். கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

இந்த வருஷமும் சீக்கிரமே விழுந்துவிட்டது. லைலாக்கைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, நடைபாதையில் ஸ்னோ உருகத் தூவும் உப்புப் படாத பக்கத்து ஸ்னோவாகப் பார்த்து அள்ளிப் பூண்டுப் பாத்தியில் கொட்டிக்கொண்டிருந்தேன். மனைவி ஜன்னலைத் திறந்து, "ஏங்க, போன தடவை இதைத்தானே வாய்க்கு வந்தபடி திட்டினீங்க?" என்றாள்.

"அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் பத்தலை" என்றேன்.