ரியூவின் டிராகன் ஏன் ஒவ்வொரு பாகத்திலும் வேறாகிறது

காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘ப்ரீத் ஆஃப் ஃபயர்’ வீடியோ கேம் தொடரை, 1993-இல் வந்த முதல் பாகத்தில் தொடங்கி 2002-இல் வந்த ஐந்தாம் பாகமான ‘டிராகன் குவார்ட்டர்’ வரை வரிசையாக ஆடி முடித்தேன். அதன் பிறகு ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்ந்தது. ஐந்திலும் நாயகனின் பெயர் ரியூ, தலைமுடி நீலம், டிராகனாக மாறும் ஆற்றலும் ஐந்திலும் உண்டு. ஆனால் அந்த டிராகன் மட்டும் ஒரு பாகத்தில் கண்டதுபோல் அடுத்த பாகத்தில் இருப்பதில்லை.

இதற்குச் சட்டென்று சொல்லக்கூடிய பதில்கள் இரண்டு உள்ளன. பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு என்பது ஒன்று. இரண்டாம் பாகத்தின் கதை முதல் பாகத்துக்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நடப்பதால் அந்த ரியூ இவனாக இருக்க முடியாது. ஆடும் கருவி மாறியது என்பது மற்றொன்று. முதல் இரண்டும் சூப்பர் ஃபாமிகாமுக்காகவும், அடுத்த இரண்டும் பிளேஸ்டேஷனுக்காகவும், கடைசியானது பிளேஸ்டேஷன் 2-க்காகவும் உருவாக்கப்பட்டவை. இரண்டு பதில்களும் உண்மையே. ஆயினும் போதுமானவை அல்ல. மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் ஒரே கருவியில், முப்பரிமாணத் தரையின் மீது இருபரிமாண உருவங்களை நடமாடவிட்ட ஒரே முறையில் அமைந்தவை. அப்படியிருந்தும் அவற்றின் டிராகன்கள் ஒன்றுபோல் இல்லை. மாற்றத்துக்கான காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். டிராகனாவதற்கு ரியூ என்ன விலை கொடுக்கிறான் என்பது ஒவ்வொரு பாகத்திலும் மாறுகிறது. அந்த விலைக்கு ஏற்ற உடலைத்தான் ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள்.

முதல் பாகத்தில் விலை எளிது. ஏ.பி. எனப்படும் ஆற்றல் புள்ளிகளை ஒருமுறை செலுத்திவிட்டால் சண்டை முடியும்வரை டிராகனாகவே நிற்கலாம். நின்று போரிட வேண்டிய உடல் என்பதால் அது பெரிதாக, நிதானமாகப் பார்க்கத்தக்கதாக வரையப்பட்டிருக்கிறது. பயணம் நெடுகப் புதுப்புது வடிவங்கள் கிடைக்கின்றன. உச்சியில் இருப்பவற்றின் பெயர்கள் ருத்ரா, அக்னி. தமிழ் வாசகருக்கு அவற்றை விளக்கத் தேவையில்லை. அக்னியாக மாறும்போது உடன் நிற்கும் தோழர்களும் அதே உடலுக்குள் கரைந்துவிடுவார்கள். அது அடிக்கும் ஒவ்வோர் அடியும் எதிரிக்கு 999 புள்ளிச் சேதம்.

1994-இல் வந்த இரண்டாம் பாகம் இதைத் தலைகீழாக்கியது. அங்கே டிராகனை அழைத்தால் ரியூவிடம் இருக்கும் ஏ.பி. முழுவதும் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். டிராகன் தோன்றும், ஒருமுறை தாக்கும், மறையும். ஆகவே அது ஓர் உடலாக நம் மனத்தில் தங்குவதில்லை. ஆனால் அதே கதையில் நிலைத்து நிற்கும் டிராகன் ஒன்றும் இருக்கிறது. ரியூவின் ஊருக்கு அருகே மலைபோல் படுத்துறங்கும் அந்த உயிரின்மேல் சாய்ந்து உறங்குவது சிறுவனான அவனுக்குப் பிடித்தமானது. பாதாளத்தின் வாயிலை அடைப்பதற்காக டிராகனாக மாறி, மீண்டும் மனித உருவம் கொள்ளாமலே போன அவனுடைய தாய் அது. மகனுக்குக் கணநேரம் மட்டும் வாய்க்கும் உருவம் தாய்க்கு வாழ்நாள் முழுவதும் என்றாகிவிட்டது. இந்தப் பாகத்தின் முடிவுகளுள் ஒன்றில் ரியூவே அவள் இடத்தை எடுத்துக்கொள்கிறான். அந்த முடிவைத்தான் நான் முதலில் அடைந்தேன். அன்றிரவு வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது 1997-இல் வந்த மூன்றாம் பாகம். சுரங்கத்தில் தொழிலாளர்கள் ஒரு பெரிய படிகத்தை வெடி வைத்து உடைக்கிறார்கள். அதற்குள் உறைந்திருந்த டிராகன் குட்டி விழித்துக்கொள்கிறது. அடுத்த நொடியே அந்தக் குட்டி நம் கையில் தரப்படுகிறது. அச்சத்தோடு ஆயுதம் ஏந்தி வரும் மனிதர்களை நாமே எரிக்கிறோம். பிறகு அது பிடிபட்டுக் கூண்டில் அடைக்கப்பட்டு ரயிலில் ஏற்றப்படும்போது, கூண்டை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கீழே விழச் செய்வதும் நம் விரல்கள்தான். காட்டில் கண்டெடுக்கப்படும்போது அது உடையற்ற ஒரு சிறுவன். மனிதன் டிராகனாக மாறும் கதையாக இல்லாமல், டிராகன் மனிதனாக மாறிய கதையாக இது தொடங்குகிறது.

அதனால்தான் இந்தப் பாகத்தில் உருவம் என்பதே கேள்வியாகிறது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் பதினெட்டு மரபணுக்களைத் தேடிச் சேர்த்து, ஒரு நேரத்தில் மூன்றுவரை கலந்து, என்னவாக மாறுவது என்று நாமே தீர்மானிக்கிறோம். நெருப்பைச் சேர்த்தால் ஒரு நிறம், பனியைச் சேர்த்தால் வேறொரு நிறம். சில கலவைகள் குட்டியாகவும், சில மனிதன்போல் நிமிர்ந்து நிற்கும் வீரனாகவும் வெளிப்படுகின்றன. ஒரு சுற்று கடக்கும்போதெல்லாம் ஏ.பி. கரைந்துகொண்டே இருப்பதால், எவ்வளவு பெரிய உடல், எத்தனை சுற்றுக்கு என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் வலிமையான கைசர் வடிவத்தைத் தரும் மரபணுவைத் தனியாகப் பயன்படுத்தினால் அது நம் கட்டளைக்கு அடங்குவதில்லை. பல மாலைகள் நான் கதையை நகர்த்தாமல் கலவைகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

2000-இல் வந்த நான்காம் பாகம் ஒரே தெய்வத்தை ரியூ, ஃபூ-லூ என்று இரண்டாகப் பிளந்து வைக்கிறது. பாதி ஆளுக்குப் பாதி டிராகன் என்பதுபோல், போரில் ரியூ பெரும்பாலும் ஏற்பது மனிதச் சாயல் கலையாத உருவங்களையே. இங்கே உண்மையான விலை ஏ.பி. அல்ல; இரு பாதிகளும் ஒன்றுசேரும்போது எஞ்சப்போவது யாருடைய மனம் என்பதுதான்.

ஐந்தாம் பாகத்தில் வானமே தெரியாத பாதாள உலகம். அங்கே ஒவ்வொருவரின் தகுதியும் பிறப்பிலேயே டி-விகிதம் என்ற எண்ணாக அளக்கப்படுகிறது. ரியூவுக்கு வாய்த்தது 1/8192 என்ற தாழ்ந்த எண். சுவரில் குத்தி நிறுத்தப்பட்ட மாபெரும் டிராகனின் சடலம் ஒன்று அவனோடு பிணைகிறது. அதன் பின் அவன் டிராகனாகும்போது உடல் மனித அளவிலேயே இருக்கிறது. நீண்ட கழுத்து தேவைப்படவில்லை. திரையின் ஓரத்தில் டி-கவுண்ட்டர் என்ற சதவீதம் தோன்றிவிடுகிறது. நடந்தாலே அது துளித்துளியாக ஏறும், உருமாறினால் தாவி ஏறும், எக்காரணம் கொண்டும் இறங்காது. நூறைத் தொட்டால் ரியூ இல்லை. முந்தைய பாகங்களில் உடலின் பருமனாகத் தெரிந்த வலிமை இங்கே அந்த எண்ணுக்குள் போய்விட்டது. டிராகன் அவனுக்கு வெளியே வளர்வதில்லை, உள்ளிருந்து அவனைத் தின்கிறது. அப்படியொன்றை வரைய அவனுடைய சொந்த உடலைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை.

என் முதல் ஆட்டத்தில், ஆரம்பத்துச் சண்டைகளிலேயே அந்த வலிமையைத் தாராளமாகச் செலவழித்துவிட்டேன். எதிரி எவரானாலும் சில அடிகளில் வீழ்ந்தார். தொண்ணூறைத் தாண்டிய பிறகு, வெறும் நடைபாதையில்கூட ஒவ்வோர் அடியையும் எண்ணி வைத்தேன். சுற்றிப் போகும் வழிகளையும் திறக்காத பெட்டிகளையும் விட்டுவிட்டு, கண்ணை அந்த எண்ணிலிருந்து எடுக்காமல், மேலே போகும் வாசலை நோக்கி ரியூவை நடத்திச் சென்றேன்.