ஆணி தாங்கும் சுவர்

33 ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. அடிப்பதற்குச் சுவர் இல்லை. 1990இல் இலங்கை மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் தங்கி, வேலூர்ப் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது. பத்துக்குப் பத்து அடி அறை. எங்களுக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே ஒரு தட்டிதான். அதில் ஆணி அடித்தால் கூர் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், அங்கே கைக்குழந்தை இருந்தது. மடு மாதா படத்தை அம்மா கூரை மூங்கிலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். காற்றடித்தால் மாதா தட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

மொழி ஒன்றுதானே, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நாற்காலியை நான் கதிரை என்றேன், வகுப்பில் சிரித்தார்கள். அலுமாரி இங்கே பீரோ ஆனது, தும்புத்தடி துடைப்பம் ஆனது. ஒரு வருடத்தில் வெளியே ஒரு தமிழும் வீட்டுக்குள் ஒரு தமிழும் பேசப் பழகிக்கொண்டேன். இன்றும் அப்படித்தான்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைப் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போனார். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை அங்கே இருக்கிறது. 1815இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்து, 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இறக்கும்வரை இங்கேயே காவலில் இருந்தவர். அப்பா வெகுநேரம் அங்கே நின்றிருந்தார். திரும்பும் வழியில், "எங்களுக்கு முன்னாலேயே ஓர் ஆள் வந்திருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு இங்கே கிடைத்தது பெயிண்ட் வேலை. முகாமில் பாதி ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு. வெகுகாலம் எங்கள் அறைக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை. ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றி வந்த மரத்தட்டுகளைப் பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிப் பிரித்து, நான்கு பலகைகளைச் சேர்த்து அவரே கதவு செய்தார். வேலை முடிந்த வீடுகளில் டப்பாவின் அடியில் மிஞ்சும் பெயிண்ட்டைக் கொண்டுவந்து அதன்மேல் பூசுவார். சத்துவாச்சாரி வீட்டு நீலம், காட்பாடி வீட்டுப் பச்சை, மறுபடி ஒரு நீலம். அவர் இறந்த பிறகு அந்தக் கதவுக்கு யாரும் வண்ணம் பூசவில்லை.

2021 நவம்பரில் வேலூரை அடுத்த மேல்மொணவூரில் முகாம் குடும்பங்களுக்கான புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பிறகு எங்கள் முறையும் வந்து, 2023இல் சாவி கையில் கிடைத்தது. 300 சதுர அடி, கான்கிரீட் கூரை, பூசிய சுவர். பழைய அறையை இடித்தபோது தகரமும் சட்டமும் எடைக்குப் போயின. கதவை மட்டும் நான் கொடுக்கவில்லை. "இதை எங்கே வைப்பாய் பிள்ளை?" என்றார் அம்மா. சுவரில், என்றேன்.

பழைய கதவை இப்படிச் சுவரில் படமாக மாட்ட நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயங்களை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சரக்குத் தட்டுப் பலகையில் சூடு வைத்ததுபோல் ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடாக்கிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். அது வீட்டுக்கு ஏற்றது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்ட மரம். அதைத் தொட வேண்டாம். அப்பாவின் பலகைகளில் ஒன்றில், நீலத்துக்கு அடியில், எச்.டி. மங்கலாகத் தெரிந்தது.

இரண்டாவது, பழைய பெயிண்ட். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசு மூச்சில் போகும், குழந்தைகளுக்கு மிகக் கெடுதல். நான் மகனை வெளியே அனுப்பிவிட்டு, முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் உதிர்கிற செதிலை மட்டும் துடைத்தெடுத்தேன். ஒட்டியிருந்ததை ஒட்டியபடியே விட்டு, மேலே நிறமில்லாத வார்னிஷ் இரண்டு முறை பூசினேன். கரையான் தின்ற அடிப்பகுதி ஓர் அடியை அறுத்துத் தள்ளினேன். வண்ணத்தைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவந்தால்தான் அழகு என்று தச்சர் ஒருவர் சொன்னார். எனக்கு அந்த வண்ணம்தான் வேண்டும். கதவைப் படுக்கைவாட்டில் திருப்பியதும் அது கடலாகிவிட்டது. உரிந்த நீலத்துக்குள் பச்சை, அதற்குள் இன்னொரு நீலம். தலைமன்னார்க் கடல் காலையில் அப்படித்தான் இருக்கும்.

கடல் இருக்கிறது, வள்ளம் வேண்டுமே, இங்கத்துப் பேச்சில் படகு. தகரத்தை வெட்டிப் பார்த்தேன், பொம்மைபோல் இருந்தது. குடியாத்தத்தில் லுங்கி வாங்கப் போன இடத்தில், தறியை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவரின் திண்ணையில் ஒரு கூடை நிறையப் பழைய மரச்சாமான்கள் கிடந்தன. அதில் ஒன்று, ஒரு சாண் நீளம், இருபக்கமும் கூர், நடுவில் குழி, கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழப்பு.

"ஐயா, இது என்ன?"

"நாடா. குறுக்கே ஓடும் ஊடைநூல் இதற்குள்தான் இருக்கும். ஓடம் என்றும் சொல்வதுண்டு, அம்மா."

ஓடமா என்று இரண்டு முறை கேட்டேன். நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கு நடுவே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருவதால் அந்தப் பெயர் என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். எதற்கு வேண்டும் என்று கேட்டவரிடம் மன்னார், படகு, கதவு எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்ப்பேச்சைப் பற்றிய கூச்சம் இல்லாமல் வெளியாள் ஒருவரிடம் வள்ளம் என்று நான் சொன்னது அன்றுதான் முதல் முறையாக இருக்க வேண்டும்.

ஓடத்தை உள்ளிருந்து இரண்டு திருகாணிகளால் கதவில் பொருத்தினேன். மாட்டுவதற்குப் பொய்கை செவ்வாய்ச் சந்தையில் வாங்கிய மாட்டுக்கயிறு. எடை அதிகம் என்பதால் ஓர் ஆணி போதாது, இரண்டு வேண்டும். சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு முதல் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன்.

"பொறு" என்று அம்மா என் கையைப் பிடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சுவரின் மறுபக்கத்தில், பக்கத்து வீட்டுக்குள், அவர் குரல் கேட்டது.

"இப்போது அடி. நான் பார்க்கிறேன்."

நான்கு அடி அடித்தேன்.

"கூர் வரவில்லை" என்றார் அம்மா அங்கிருந்தே. "இன்னும் அடி."