லண்டன் செங்கல் வீடு, 1:24 அளவில்: முகப்பு வரை

நான் அசலில் 24-ல் ஒரு பங்கு அளவில் செய்துவரும் பெட்ஃபோர்ட் சதுக்க வீட்டு மாதிரியின் முகப்பு ஒருவழியாக நிமிர்ந்து நிற்கிறது. கூரையையும் பின்பக்கத்தையும் இன்னும் தொடவில்லை. அசல் வீடு 1775-க்கும் 1783-க்கும் இடையில் லண்டனில் எழுந்த வரிசை வீடுகளில் ஒன்று, மாடிக்கு மூன்று ஜன்னல். 3 மி.மீ. ஃபோம் போர்டின் மேல் மெல்லிய அட்டை ஒட்டி, மை தீர்ந்த பேனாவால் செங்கல் கோடுகளை அழுத்திக் கீறினேன்.

செங்கல் 9 மி.மீ. நீளம், உயரம் இரண்டரைக்குச் சற்று மேல். ஃப்ளெமிஷ் பாண்ட் என்ற அடுக்குமுறை என்பதால் ஒரே வரியில் ஸ்ட்ரெச்சர் (நீளப்பக்கம் தெரியும் செங்கல்), ஹெட்டர் (குறுகிய முனை தெரியும் செங்கல்) என்று மாறி மாறி வரும். சலிப்பான வேலைதான். ஜன்னல் ஓரம் வந்தால் மட்டும் கவனம் வேண்டும்: அங்கே ஹெட்டரை அடுத்து ஒரு ஒல்லியான துண்டு, குளோசர், வைத்தால்தான் மேல்வரி இணைப்பும் கீழ்வரி இணைப்பும் ஒரே நேர்கோட்டில் விழாது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் ஹெட்டரே போலி. நல்ல முகப்புச் செங்கல் விலை அதிகம், அதனால் பாதியாக உடைத்து முன்னால் வைத்துவிடுவார்கள். பின்சுவரில் பிடிப்பில்லாமல் முகப்பு வயிறு தள்ளிக்கொண்டு வரும். அட்டையில் நான் செய்வதும் அதே தில்லுமுல்லுதான்!

அதிக நேரம் பிடித்தது ஜன்னல்கள். லண்டனின் 1666 பெரும் தீவிபத்துக்குப் பிறகு வந்த சட்டங்கள், தீ பரவும் என்று மரத்தை முகப்பிலிருந்து படிப்படியாக உள்ளே தள்ளின. ஃபிரேம் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்வாங்க வேண்டும் என்றது 1709 சட்டம். மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவுக்கான எடைக்கட்டிகள் தொங்கும் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னது 1774 சட்டம். என் அளவில் 4 அங்குலம் என்பது 4.2 மி.மீ. போர்டுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் அட்டை கொடுத்து ஃபிரேமை ஒட்டினேன், சரியாக வந்தது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அலங்காரம் ஏதுமில்லாத மொட்டைச் சுவருக்கு அந்த நிழல்தான் அழகு. தீத்தடுப்புச் சட்டம் கொடுத்த அழகு என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் மாடி ஜன்னல்கள்தான் ஆக உயரம், வரவேற்பறை அங்கே. மேலே போகப் போகக் குட்டையாகும்.

வாசல் வளைவின் உச்சியில் தாடிக்காரத் தலை ஒன்று உண்டு. அது கோட் ஸ்டோன். பெயரில்தான் ஸ்டோன், உண்மையில் சூளையில் சுட்ட மண். அதனால் எம்-சீலில் பிடித்தேன், மூக்கு கொஞ்சம் பெரிசு. அடுத்தது கதவுக்கு மேலுள்ள விசிறி ஜன்னல்: செம்புக் கம்பியா, கீறிய ஓ.எச்.பி. ஷீட்டா (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்)? இரண்டையும் செய்து பார்க்கப் போகிறேன்.