மூன்றாவதும் பெண் என்றால்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாரும் கைப்பேசியில் கொரியத் தொடர் பார்க்கிறார்கள். "அந்த ஊர்ல பொண்ணுங்க எவ்வளவு தைரியமா இருக்காங்க நர்சம்மா" என்பார்கள். அதே தென் கொரியாவில் 1990ல் 100 பெண் குழந்தைக்கு 116 ஆண் குழந்தை பிறந்தது. இயல்பாக 105, 106 தான் வரும். ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் கலைத்திருக்கிறார்கள். அந்த வருடம் அவர்கள் கணக்கில் வெள்ளைக் குதிரை வருடம். அதில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாதாம். நம் ஊரில் பெண் மூலம் நிர்மூலம் என்பார்களே, அதே கதை. மூன்றாவது, நான்காவது பிரசவத்தில் பெண்ணைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆண் பிறந்த காலமும் உண்டு.

அங்கே அரசாங்கம் 1962ல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கியது. ஆறு பெற்றவர்கள் 1983ல் இரண்டுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளை குறைந்தது, ஆண் வாரிசு ஆசை குறையவில்லை. இது எனக்கு நன்றாகப் புரிகிறது. இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் ஆபரேஷனுக்குப் பேசப் போனால் மாமியார்தான் முதலில் வாய் திறப்பார்: "இன்னும் ஒண்ணு பாத்துட்டு வரோம் நர்சம்மா." பெற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கருவில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாதென்று கொரியா 1987லேயே தடை போட்டது. உச்சம் வந்தது அதற்கு அப்புறம்தான். 1994ல் தண்டனையைக் கூட்டினார்கள். 2007 வாக்கில்தான் விகிதம் இயல்புக்குத் திரும்பியது. சட்டத்தின் பயம் கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் மகள் படித்துச் சம்பாதித்ததும், வயதான காலத்துக்கு மூத்த மகனையே நம்ப வேண்டாம் என்றானதும்தான் பெரிய காரணம் என்பேன். குடும்பத் தலைமை ஆண் வழியே போகும் பதிவு முறையையும் 2008ல் ஒழித்தார்கள்.

அப்படியும் மருமகளின் சுமை இறங்கவில்லை. வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, டியூஷன் செலவு, பிரசவத்தோடு போகும் வேலை. அதனால்தான் 2023ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளை என்று வந்து நின்றது.

2011 கணக்கெடுப்பில் நீலகிரியில் 1000 ஆணுக்கு 1042 பெண். ஆண்கள் கோவை, திருப்பூர் என்று இறங்கிப் போவதும் இதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் கொழுந்து பறித்துக் கூலி கொண்டுவரும் மகளை இங்கே யாரும் லேசில் பாரம் என்பதில்லை. சொத்து என்று வந்தால் மட்டும் பேச்சு மாறுகிறது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தாயிற்று. அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் வீட்டிலும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் பிரசவம் பார்த்த பெண்கள் யாராவது கேட்டால், கையெழுத்துப் போடாதே கண்ணு என்றுதான் சொல்கிறேன்.